ஊசி போடாமலே முகவாய் மரத்துப்போகிறதா? பல்லை மட்டும் பார்த்தால் போதாது

பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். உதடு தடித்துப்போன மாதிரி இருக்கும். தண்ணீர் குடித்தால் ஓரமாக வழிவதுகூடத் தெரியாது. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால், ஊசியே போடாமல் ஒரு பக்கக் கீழுதடும் முகவாயும் நாள்கணக்கில் மரத்துக் கிடந்தால்? ‘வலிதான் இல்லையே’ என்று விட்டுவிடக் கூடாது.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு ஒன்று முகவாய் அருகே வெளியே வருகிறது. அதை ஏதாவது அழுத்தினால் உணர்வு போய்விடும். பல்லடியில் சீழ், கடைவாய்ப்பல் எடுத்தபோது பட்ட காயம் போன்றவையும் இதற்குக் காரணமாகலாம். அப்படி எதுவுமே இல்லையென்றால், வேறு உறுப்பில் தோன்றிய புற்றுநோய் தாடைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

“புகையிலை, பாக்கு எதுவுமே போட மாட்டேனே, எனக்கு எப்படி?” என்று கேட்பார்கள். இது வாயில் தோன்றும் புற்றுநோய் அல்ல. பெண்களுக்கு மார்பகம், ஆண்களுக்கு நுரையீரல், மற்றும் புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றிலிருந்து பெரும்பாலும் ரத்தம் வழியாக வந்து சேர்வது. அபூர்வம்தான், வாய்ப்பகுதிப் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம். ஆனால், அதில் ஏறக்குறைய கால் பங்குப் பேருக்குத் தாடையில் தெரிவதுதான் முதல் அறிகுறி. உடம்பில் புற்றுநோய் இருப்பதே அதுவரை தெரிந்திருக்காது.

சிக்கல் என்னவென்றால், இது பல் பிரச்சினை போலவே வேஷம் போடும். வலி, வீக்கம், ஆடும் பல். ‘புடுங்கிட்டா சரியாயிடும்’ என்று பல்லை எடுத்த பிறகு, குழி ஆறாமல் சதை வளரத் தொடங்கும். சொத்தையோ ஈறு நோயோ இல்லாத பல் திடீரென ஆடினால், எடுப்பதற்கு முன் காரணத்தைத் தேடுவதுதான் சரி.

முதலில் முழுத் தாடைக்கான எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாகிவிட முடியாது. எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும். அறிகுறி தொடர்ந்தால் சி.டி., எம்.ஆர்.ஐ. தேவைப்படும். புராஸ்டேட் புற்றுநோய் என்றால் அரிப்புக்குப் பதிலாக எலும்பு வெள்ளையாக இறுகியும் தெரியலாம்.

உறுதிசெய்வது பயாப்ஸிதான். ‘கத்தி பட்டா கேன்சர் பரவிடும்’ என்ற பயத்தில் இதைத் தள்ளிப்போடுவது வீண் வேலை. எடுத்த திசுவில் சிறப்புச் சாயப் பரிசோதனை செய்தால், அந்தச் செல்கள் எந்த உறுப்பிலிருந்து வந்தவை என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். உடலில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பதை பெட்-சி.டி. காட்டும். சிகிச்சையை முடிவுசெய்ய இரண்டும் வேண்டும்.

ஏற்கெனவே புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. எலும்பைக் காக்கப் போடும் ஸோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகளால் சிலருக்குத் தாடை எலும்பு செத்துப்போய் வெளியே தெரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்; சிகிச்சையோ முற்றிலும் வேறு. அதனால் பல் டாக்டரிடம் போகும்போது, பத்து வருஷத்துக்கு முன்பு நடந்த ஆபரேஷனாக இருந்தாலும் அந்த ஃபைலைக் கையோடு எடுத்துப் போங்கள்.