கடைவாசலில் ஒரு பொம்மைப் பெட்டி

பொங்கலுக்கு வீட்டைத் தூய்மை செய்யும்போது, பிள்ளைகள் விளையாடி ஓய்ந்த பொம்மைகள் பரணிலிருந்து இறங்கும். கொல்லிமலையில் கடை நடத்தும் ஒருவர் அவற்றைத் திரட்டி, மருத்துவமனையில் பண்டிகையைக் கழிக்க நேரும் குழந்தைகளுக்கு வழங்க எண்ணினால், செம்மேட்டிலோ சோளக்காட்டுச் சந்தையிலோ கடைவாசலில் ஒரு பெட்டி வைத்தாலே போதும். பழக்கமான கடைக்காரர் கேட்டால் ஊரார் மறுப்பதில்லை. ஆயினும் அப்பெட்டியில் விழும் எல்லாப் பொம்மைகளும் நோயுற்ற குழந்தைக்கு ஏற்றவை அல்ல.

இவ்வகைத் திரட்டலுக்குப் புகழ்பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. 1947-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், கடற்படைக் காலாட்படையின் சேமப்பிரிவு அதிகாரியான பில் ஹென்ட்ரிக்ஸிடம் அவர் மனைவி டயான், தாம் தைத்த துணிப்பொம்மையை ஏழைக் குழந்தை ஒன்றுக்குச் சேர்ப்பிக்குமாறு கேட்டார். அதற்கான அமைப்பு எதுவும் அகப்படவில்லை. அப்படியானால் நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள் என்றார் டயான். அவ்வாண்டே ஏறத்தாழ 5,000 பொம்மைகள் சேர்ந்தன. 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' என்னும் அத்திட்டம் தொடக்கத்தில் பழைய பொம்மைகளையும் ஏற்றுச் செப்பனிட்டு வழங்கியது. 1980 முதல் புதியவற்றை மட்டுமே ஏற்கிறது. செப்பனிட நேரமின்மை ஒரு காரணம். பிறர் கழித்ததைப் பெறும் குழந்தையின் மனம் இன்னொரு காரணம். நம் ஊரில் புதியதே வேண்டும் என்று கண்டிப்புக் காட்டினால் பெட்டி பாதி காலியாக இருக்கும். ஆகவே பழையதை அடியோடு விலக்கவேண்டியதில்லை. கழுவித் துடைக்க இயலும் வழவழப்பான நெகிழிப் பொம்மை, உடையாமலும் வண்ணம் உரியாமலும் இருப்பின், நன்றே.

பஞ்சுப் பொம்மையின் நிலை வேறு. கரடிப்பொம்மையைக் கட்டிக்கொண்டு உறங்கும் குழந்தையைக் கண்டால் நமக்கும் மகிழ்ச்சிதான். எனினும் துணியும் பஞ்சும் எச்சிலையும் சளியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே துடைப்பதால் தூய்மையாவதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்கு இதனால் தொற்று நேரலாம். எனவே பஞ்சுப் பொம்மை புதியதாகவும், ஒரே குழந்தைக்கு உரியதாகவும் இருக்கவேண்டும்; அடுத்த கட்டிலுக்குக் கைமாறக்கூடாது.

புதிய பொம்மை வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்கவேண்டும். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 சனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறு உறுப்புகள் கழன்று வரும் எதுவும் ஆகாது. பழைய புகைப்படச் சுருள் டப்பாவுக்குள் அடங்கிவிடும் பொருள், தொண்டையையும் மூச்சுக்குழாயையும் அடைக்கக்கூடியது என்று கொள்ளுங்கள். பல்லாங்குழி அருமையான விளையாட்டு. ஆனால் அதன் புளியங்கொட்டைக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பட்டன் பேட்டரி. ஒளிரும், பாடும் மலிவான பொம்மைகள் பலவற்றில் நாணயம் போன்ற இந்த வட்டச் சில்லு இருக்கும். குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளலாம். அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் குழாயின் சுவரைப் புண்ணாக்கிவிடும். பொம்மையை இயக்க வலுவற்றுப்போன பேட்டரிக்கும் இந்த ஆற்றல் உண்டு. மலைமேல் வாழ்வோர் இந்த இரண்டு மணி நேரக் கணக்கை மறக்கலாகாது: தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து புறப்பட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, காரவள்ளி வழியே நாமக்கல்லை அடைவதற்குள் அந்நேரம் கடந்துவிடக்கூடும்.

விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே புறப்பட்டுவிடுங்கள், 108-ஐ அழையுங்கள். எச்சில் வடிதல், உணவை மறுத்தல், இருமல் ஆகியவை தோன்றலாம். எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம். சோறோ பாலோ தரவேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்க இயன்று, பேட்டரி உட்சென்று 12 மணி நேரத்துக்குள் இருந்தால், வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் பேட்டரியின் மேல் படிந்து புண்ணைச் சற்றுத் தாமதப்படுத்தும். நம் மலையில் தேனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைத் தேடி நேரத்தை இழக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அகநோக்கிக் குழாய் வழியே பேட்டரியை வெளியே எடுப்பதே சிகிச்சை.

ஆகவே, பேட்டரி அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொம்மையைக் கடைக்காரர் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். தாராள மனத்தோடு கொடுத்தவர் எதிரே நிற்கும்போது அது சங்கடம்தான். பெட்டியின் மேல், "பேட்டரிப் பொம்மை, பலூன், காந்தத் துண்டுகள் வேண்டா" என்று முன்கூட்டியே எழுதி ஒட்டினால் அந்தச் சங்கடம் பெரிதும் குறையும்.

அப்படியானால் எவற்றைக் கேட்பது? வண்ணக் குச்சிகள், வரைதாள், தாயக்கட்டம், படக்கதை நூல்கள், பெரிய மரக்கட்டைகள். கையில் ஊசி ஏற்றப்பட்ட குழந்தை மறு கையால் விளையாட ஏற்றவையாக இருந்தால் சிறப்பு. பதின்ம வயதினரைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சதுரங்கப் பலகையும் கனசதுரப் புதிரும் கேளுங்கள். முதலில் செவிலியர் பொறுப்பாளரிடம் பேசி, பிரிவில் உள்ள குழந்தைகளின் வயதுகளையும் எண்ணிக்கையையும் மட்டும் பெறுங்கள். பெயரோ நோயின் விவரமோ தேவையில்லை. பொருட்களைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே ஒப்படைத்தால், கழுவி உலர்த்த அவகாசம் கிடைக்கும். வழங்கும் நாளில் மேடையும் புகைப்படமும் வேண்டாம். இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருந்த தாயோ தந்தையோ தம் கையாலேயே அதைக் குழந்தைக்குக் கொடுக்கட்டும்.