பறக்கும் தட்டும் இடது கண்ணும்

சென்ற பொங்கல் விழாவில் நமது சங்கத்துப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், "உங்கள் பேத்தி துப்பாக்கி சுடுகிறாளாமே? நம்மவர்களுக்கு எதற்கு ஸார் அதெல்லாம்?" என்று கேட்டார். பாயசம் வரும் நேரம். விரிவாகப் பதில் சொல்ல இயலவில்லை. பிறகு அவரே, "என் பையனும் கேட்கிறான், எங்கே சேர்ப்பது, எவ்வளவு செலவாகும்?" என்று காதோடு காதாக விசாரித்தார். அவருக்கும், அவரைப் போல் இந்தத் தலைநகரில் பிள்ளைகளை வளர்க்கும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இரண்டு ஆண்டுகளாக நான் கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறேன். நான் துப்பாக்கி வீரன் அல்ல. இருப்புப்பாதைப் பிரிவில் டிப்ளமா இன்ஜினீயராக முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தோடு நடந்தவன். பேத்தியின் பையைச் சுமந்துகொண்டு போனதில் கற்றதுதான் எல்லாம்.

துப்பாக்கி சுடுதலில் பல வகை உண்டு. அசையாத காகித இலக்கைச் சுடுவது ஒன்று. ஆகாயத்தில் எறியப்படும் தட்டைச் சுடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையில் டிராப், ஸ்கீட் என்று இரண்டு பிரிவுகள். பேத்தி கற்பது ஸ்கீட். 1920-ஐ ஒட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்னும் ஊரில், வேட்டைப் பருவம் இல்லாத மாதங்களில் கை பழகுவதற்காகச் சிலர் ஏற்படுத்திக்கொண்ட விளையாட்டு இது. முதலில் முழு வட்டத்தில் கடிகார முள் போலச் சுற்றி நின்று சுட்டார்களாம். பிறகு பக்கத்தில் கோழிப் பண்ணை வந்துவிட்டதால் பாதி வட்டமாகச் சுருக்கிக்கொண்டார்கள் என்பார்கள். ஒலிம்பிக்கில் 1968-இல் மெக்ஸிகோவில் சேர்ந்தது.

மைதானத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏதோ ரயில் வளைவின் வரைபடத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. 19.2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அதன் மேல் ஒன்று முதல் ஏழு வரை நிற்குமிடங்கள். எட்டாவது இடம் இரண்டு முனைகளுக்கும் நடுவில். இடது முனையில் உயரமான ஒரு கூண்டு வீடு. அதிலிருந்து தட்டு சுமார் 3 மீட்டர் உயரத்தில் வெளியேறும். வலது முனையில் தாழ்வான வீடு. அங்கே சுமார் 1 மீட்டர் உயரத்தில் கிளம்பி மேலே ஏறும். இரண்டு தட்டுகளின் பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் அந்த வட்டத்தின் மையம். ஆகவே ஒன்று முதல் ஏழு வரை எந்த இடத்தில் நின்றாலும் அந்தப் புள்ளி ஒரே தூரம். மாறுவது கோணம் மட்டுமே. இதை அறிந்தவுடன் எனக்கு இந்த விளையாட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது.

தட்டு என்றால் களிமண் அல்ல. பெயர்தான் அப்படி. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து வார்த்தது. 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை. நம் வீட்டு ஊறுகாய்த் தட்டு அளவு. சுடுபவர் குரல் கொடுத்தவுடனே வரும் என்று நினைக்கக் கூடாது. உடனேயும் வரலாம், மூன்று வினாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதுவரை துப்பாக்கியின் அடிக்கட்டை, சட்டையில் இடுப்புக்குச் சற்று மேலே தைத்திருக்கும் மஞ்சள் நாடாவைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு கண்ணில் பட்ட பிறகுதான் தோளுக்கு ஏற்றலாம். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். சில தனியாக வரும், சில ஜோடியாக இரு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும். பெரிய போட்டிகளில் தகுதிச் சுற்று மொத்தம் 125.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி: எங்கே குறி வைப்பது? தட்டின் மேல் குறி வைத்தால் தட்டு தப்பிவிடும். நான்காவது இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு நமக்கு நேர் குறுக்காகப் போகிறது. தோட்டாவிலிருந்து கிளம்பும் ஈய ரவைகள் அந்த 19 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் தட்டு ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். என் கணக்குக்கு 1.2 மீட்டர் வந்தது. அனுபவஸ்தர்களும் நாலடி என்றுதான் சொல்கிறார்கள். அத்தனை முன்னால் சுட வேண்டும். ஒன்றாம் இடத்திலும் ஏழாம் இடத்திலும் தட்டு நம்மைவிட்டு ஏறக்குறைய நேராக விலகிப் போவதால் இந்த முன்கணக்கு மிகக் குறைவு.

கணக்கு தெரிந்துவிட்டதால் தட்டு உடையாது. நாலடி தள்ளிக் குழலை நிறுத்தி வைத்துச் சுட்டாலும் உடையாது. குழல் தட்டோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், விசையை அழுத்திய பிறகும் நகர வேண்டும். பழைய நாட்களில் ஒற்றைப் பாதை ஸ்டேஷன்களில் நிற்காத வண்டியின் டிரைவருக்குப் பிரம்பு வளையத்தில் டோக்கன் கொடுப்பதை வாசகர்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். டோக்கன் வாங்குகிற கை வளையத்தைத் தொட்டவுடன் விறைத்து நின்றால் தோள்பட்டை போய்விடும். கையை வண்டியின் போக்கிலேயே விட வேண்டும். பேத்திக்கு இதைத்தான் சொன்னேன். அவள் டோக்கனைப் பார்த்ததே இல்லை. வாயால் சொல்லி விளக்க அரை மணி ஆயிற்று.

கால் வைப்பு, குழலை எங்கே காத்திருக்க வைப்பது, கண்ணை எங்கே வைப்பது, இந்த மூன்றும்தான் ஆரம்பப் பாடம். எந்த இடத்தில் தட்டை உடைக்கப் போகிறோமோ அந்தத் திசைக்கு உடம்பு தளர்வாக இருக்கும்படி கால் வைத்துவிட்டு, அதன் பிறகு இடுப்பை வீட்டின் பக்கம் திருப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் சுடும் நேரத்தில் உடம்பு முறுக்கிக்கொண்டு குழல் நின்றுவிடும். குழலின் முனை, வீட்டுக்கும் மையப் புள்ளிக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் காத்திருக்க வேண்டும். கண் மட்டும் அதற்கும் பின்னால், வீட்டின் வாசலுக்கு அருகில். துப்பாக்கியைக் கன்னத்துக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர கன்னத்தைத் துப்பாக்கிக்குக் குனிக்கக் கூடாது. சுடும்போது குழல் முனையிலுள்ள மணியைப் பார்க்கவே கூடாது. பார்த்த கணத்தில் கை நின்றுவிடும். ஜோடித் தட்டில் நம்மைவிட்டு விலகிப் போவதை முதலில் உடைப்பது, வருவதை அடுத்ததாக.

இதெல்லாம் நன்றாகத்தான் சொல்லித் தந்தார்கள். ஆனாலும் முதல் நான்கு மாதம் பேத்தி 25-க்கு ஏழு எட்டைத் தாண்டவில்லை. ஒன்றிலும் ஏழிலும் உடைப்பாள். மூன்று, நான்கு, ஐந்தில் குறுக்கே போகும் தட்டெல்லாம் தப்பும். பயிற்சியாளர் ஒவ்வொரு வாரமும், "மனம் ஒன்றவில்லை" என்றார். வீட்டில் என் மகள், "பதினொன்றாம் வகுப்பு, சனி ஞாயிறு போகிறது, பணம் போகிறது, போதும் அப்பா" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாரம் இரண்டு சுற்று என்றால் 50 தோட்டா, 50 தட்டு, மாதத்துக்கு 200. ஒரு தோட்டாவின் விலையை விசாரித்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் மாதக் கணக்கு, ஜூன் மாத மின்சாரக் கட்டணத்தைத் தாண்டிவிட்டது. பரீட்சை முடியும் வரை நிறுத்திவிடலாம் என்று முடிவாயிற்று. பேத்தி அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு சும்மா இருக்க மாட்டாமல் அவளுக்கு ஒரு மரத் துப்பாக்கி செய்ய உட்கார்ந்தேன். போட்டித் துப்பாக்கி மூன்றரை கிலோ அளவில் இருக்கும். பழைய கட்டில் சட்டத்தில் அதே நீளத்துக்கு அறுத்து, ஈயத்துண்டு வைத்து எடை சரிசெய்தேன். சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, தண்டவாளத்தின் நேர்மையைப் பார்க்கும் பழக்கத்தில் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். "நீயும் பார்" என்றேன். அவள் வலது கையால் பிடித்து, தலையைச் சாய்த்து, இடது கண்ணைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை. கண் மட்டும் இடது.

எல்லாருக்கும் இரண்டு கண்களில் ஒன்று ஆளும் கண். சோதிப்பது எளிது. இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே சிறு ஓட்டை வைத்து, இரண்டு கண்ணும் திறந்தபடி சுவர்க் கடிகாரத்தை அந்த ஓட்டைக்குள் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுவே ஆளும் கண். துப்பாக்கியில் பின்பக்கக் குறி என்று ஒன்று கிடையாது. குழலுக்குப் பின்னால் இருக்கும் கண்தான் அது. வலது தோளில் துப்பாக்கி, ஆனால் இடது கண் ஆள்கிறது என்றால், மூளை தட்டையும் குழலையும் தவறான கண்ணின் வழியாக இணைத்துப் பார்க்கிறது. விலகிப் போகும் தட்டில் அவள் எப்படியோ சமாளித்தாள். குறுக்கே போகும் தட்டில் அடிகணக்கில் பிழை. நான்கு மாதத்தில் ஒருவரும் அவளை இந்த ஒரு நிமிடச் சோதனை செய்யச் சொல்லவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு. பிள்ளைகளைச் சேர்க்கும் முதல் நாளே, பணம் கட்டும் முன்பே இதைப் பாருங்கள்.

இதற்கு வழி இரண்டு. ஆளும் கண்ணுக்கு முன்னால், கண்ணாடியில் சிறிய ஒட்டுத் துண்டை ஒட்டி அதன் பார்வையை மங்கச் செய்யலாம். வயதானவர்களுக்கு அதுவே சரி. இல்லையேல் தோளை மாற்ற வேண்டும். பேத்திக்குப் பதினாறு வயதுகூட ஆகவில்லை. இடது தோளுக்கு மாறுவது என்று அவளே தீர்மானித்தாள். இரண்டு மாதம் வீட்டில் மரத் துப்பாக்கிதான். அதன் முனையில் சிறு டார்ச்சைக் கட்டி, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் வெளிச்சம் விலகாமல் ஓட்டிக்கொண்டே தோளுக்கு ஏற்றுவாள். தினம் ஐம்பது முறை. ஒரு பைசா செலவில்லை. வெளிச்சம் குதித்தால் ஏற்றம் சரியில்லை என்று பொருள். கட்டில் சட்டத்துக்குத் தோட்டா தேவையில்லை என்பதால் மகளும் ஒன்றும் சொல்லவில்லை.

உரிமம் பற்றி நண்பர் அவசியம் கேட்பார். ஆயுதச் சட்டம் 1959-ஆம் வருடத்தது. 2016-இல் விதிகள் புதிதாயின. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது பெருங்குற்றம். ஆனால் தொடக்கத்திலேயே சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் உறுப்பினராகி, அவர்களது துப்பாக்கியில், அவர்கள் கண்முன் பழகலாம். குறைந்தது ஒரு வருடம் அப்படியே போகட்டும். எங்கள் வீட்டில் இன்றுவரை துப்பாக்கி கிடையாது. வரக் கூடாது என்பது மகளின் நிபந்தனை. நானும் அதற்குக் கட்டுப்பட்டவன். பிற்காலத்தில் தேசியப் போட்டிகளில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்து 'ரினௌண்ட் ஷாட்' என்ற தகுதி பெற்றால் துப்பாக்கி, தோட்டா இறக்குமதிக்குச் சலுகைகள் உண்டு. அது வெகுதூரம்.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது. தன் முறை வந்து, தன் இடத்தில் நிற்கும் வரை துப்பாக்கி மடித்துத் திறந்தே இருக்க வேண்டும்; உள்ளே ஒன்றுமில்லை என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கண்ணாடி கட்டாயம், ஏனெனில் எட்டாம் இடத்தில் உடைந்த சில்லுகள் நம் மேலேயே வந்து விழும். காதுக்குக் கவசம், பார்க்க வந்தவர்களுக்கும் சேர்த்து. ஒருமுறை நான் சோம்பலில் போடாமல் நின்றேன். அன்று மாலை வரை காதில் கொதிகெண்டி சத்தம்.

"பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1992-இல் பார்ஸிலோனாவில் ஆண்களும் பெண்களும் கலந்து சுட்ட ஸ்கீட் போட்டியில் தங்கம் வென்றவர் ஷாங் ஷான் என்ற சீனப் பெண். அடுத்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஸ்கீட்டே இல்லை. 2000-இல்தான் தனிப் பிரிவு தந்தார்கள். நம் நாட்டில் 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு ஸ்கீட்டில் முதன்முதலாகத் தகுதி பெற்றவர் மைராஜ் அகமது கான். 2021-இல் இதே டில்லியில், துக்ளகாபாத் கர்ணி சிங் மைதானத்தில், உலகக் கோப்பையில் கனேமத் செகோன் வெண்கலம் பெற்றார். ஸ்கீட்டில் நம் நாட்டுப் பெண் ஒருவருக்கு அதுவே முதல் உலகக் கோப்பைப் பதக்கம். 2024 பாரிஸில் மகேஷ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நரூக்காவும் கலப்பு இரட்டையரில் 43-44 என்று ஒரே ஒரு தட்டில் வெண்கலத்தை விட்டார்கள். அன்று எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் என் மகளும் உட்கார்ந்திருந்தாள். டிராப் பிரிவில் அதே ஒலிம்பிக்குக்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டைக்காரர் என்பதை நண்பரின் "நம்மவர்களுக்கு எதற்கு" என்ற கேள்விக்குப் பதிலாக வைக்கிறேன்.

தோள் மாற்றிய முதல் சுற்றில் பேத்தி எடுத்தது 25-க்கு நான்கு. அடுத்தது ஆறு. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது மாதத்தில் பன்னிரண்டைத் தொட்டாள். சென்ற மாசியில் ஒரு ஞாயிறு காலை, பனி விலகிய பிறகு, பத்தொன்பது. நான்காம் இடத்து இரண்டாவது ஜோடியில் வரும் தட்டு இன்னும் தப்பிக்கொண்டிருக்கிறது. குழலைக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திவிடுகிறாள். அன்று அவளோடு வண்டியில் வந்திருந்தவள் என் மகள். உடைந்த தட்டுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, "அந்த நாலாவதில் ஏன் அப்பா விடுகிறாள்?" என்று என்னைக் கேட்டாள். டோக்கன் வளையத்தைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.