அலமாரியில் கிடந்த மட்டி

ஒரு மட்டி ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம்" என்று எப்படிச் சொல்வது? அதுவும் புதைபடிவமாக இருந்தால்? உயிர் போய், சதை போய், நிறம் போய், பாதி நேரம் ஓடும் உடைந்து கிடக்கும். கொஞ்ச நாளாகக் கிடைத்த நேரத்தில் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னாலே முறையும் புரிந்துவிடும்.

1937. லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் வில்லெட்டிடம் இரண்டு சின்ன மட்டிகள் வந்து சேர்ந்தன. பால்ட்வின் ஹில்ஸ் என்ற குன்றுப் பகுதியின் பிளைஸ்டோசீன் காலக் கடல் படிவில் கிடைத்தவை. எடுத்தவர் எட்னா குக் என்ற பெண்மணி. வில்லெட் அவற்றை ஆராய்ந்து 'போர்னியா குக்கி' என்று பெயர் வைத்தார். கையில் இருந்தது அந்த இரண்டே இரண்டுதான்.

ஓட்டை மட்டும் வைத்து என்ன பார்ப்பார்கள்? நாம் கடற்கரையில் பொறுக்கும்போது வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்போம், வரியும் வடிவமும். அது ஏமாற்றும். அலையில் தேய்ந்திருக்கலாம், மண் அமுக்கி நசுங்கியிருக்கலாம், குஞ்சுக்கும் வளர்ந்ததுக்கும் வடிவமே வேறாக இருக்கலாம். அதனால் ஓட்டைத் திருப்பி உள்ளே பார்க்க வேண்டும். இரண்டு ஓடுகளும் சேரும் இடத்தில், கதவுக் கீல் மாதிரி, சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். எத்தனை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, வலது ஓட்டில் எது, இடது ஓட்டில் எது என்பதெல்லாம் முக்கியம். அடுத்து, ஓட்டை இழுத்து மூடும் தசைகள் ஒட்டியிருந்த தழும்புகள். அந்தத் தழும்புகளை இணைத்து ஓடும் ஒரு கோடு. சில மட்டிகளில் அந்தக் கோடு ஓரிடத்தில் உள்பக்கமாக வளைந்திருக்கும். நீரை உறிஞ்சும் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ள இடம் விட்ட வளைவு அது. வளைவு ஆழமாக இருந்தால் குழாய் நீளம். பெரும்பாலும் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து வாழ்ந்த ஜீவன் என்று அர்த்தம். சதை போன பிறகும் அது வாழ்ந்த விதம் ஓட்டில் எழுதியிருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது.

அடுத்தது சலிப்பான வேலை. கிட்டத்துச் சொந்தங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு எங்கே வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். 1930க்குப் பிறகு வெளியாகும் விலங்குப் பெயர் எதுவும் வேறுபடுத்திக் காட்டும் விவரணை இல்லாமல் செல்லாது என்பது பெயரிடல் விதி. கூடவே ஒரு மூல மாதிரி வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது விவரணையில் இல்லை, அந்த ஒற்றை ஓட்டில்தான். விவரணையில் தப்பு இருக்கலாம், வேறு பேரினத்துக்கு மாற்றலாம், எதுவானாலும் "குக்கி" என்ற சொல் அந்த ஓட்டோடு சேர்ந்தே போகும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் பெயர் என்பது ஒரு பாயின்டர். டாக்குமென்டேஷனை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், பாயின்டர் காட்டும் பொருள் அலமாரியில் பத்திரமாக இருக்க வேண்டும்.

சரி, 81 வருஷம் தாண்டுவோம். 2018 நவம்பர். கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பராவுக்கு மேற்கே நேப்பிள்ஸ் பாயின்ட் கடற்கரை. ஜெஃப் காடர்ட் என்ற ஆய்வாளர், கடல் வற்றிய நேரத்தில் ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேடிப் பாறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாறையின் அடியில் இரண்டு மட்டிகள். ஓடு பத்து மில்லிமீட்டர்தான், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவியது. ஓட்டை விட நீளமான, வெள்ளைக் கோடு போட்ட ஒரு காலை நீட்டின. அபூர்வமான உயிராக இருந்தால் என்ன செய்வது என்று, எடுக்காமல் படம் மட்டும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

படங்கள் சாண்டா பார்பரா அருங்காட்சியகத்தின் பால் வாலென்டிச்-ஸ்காட்டுக்குப் போயின. அமெரிக்க மேற்குக் கரையின் மட்டிகளைக் கரைத்துக் குடித்தவர். அவரே பார்த்ததில்லை! புது இனமாகத்தான் இருக்கும் என்ற சந்தேகம் வந்தது. ஆனால் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஜீவனையே நேரில் பார்க்க வேண்டும். காடர்ட் திரும்பப் போனார். ஒன்பது முறை போன பிறகு, 2019 மார்ச்சில்தான் ஒன்றே ஒன்று கிடைத்தது.

புது இனம் என்று எழுதிவிட எல்லா ஆசையும் இருந்திருக்கும். அதற்கு முன்னால் 1758 முதல் வெளியான பெயர்களையெல்லாம் அலச வேண்டும். லின்னேயஸின் நூல் வந்த அந்த வருஷம்தான் விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கம். அந்தத் தேடலில் வில்லெட்டின் படம் அகப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மூல மாதிரியை இரவல் வாங்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுதான்.

2022இல் 'சூகீஸ்' இதழில் கட்டுரை வந்தது. பேரினம் மாறி இப்போது சைமாட்டியோவா குக்கி. புதைபடிவத்துக்கு ஒரு பெயர், உயிரோடிருப்பதற்கு ஒரு பெயர் என்று விதியில் கிடையாது; முதலில் வந்ததே நிற்கும். அன்று அந்தப் பழைய படத்தைத் தேடாமல் விட்டிருந்தால், ஒரே மட்டி "அழிந்துபோனது" என்று ஒரு பட்டியலிலும் "புதியது" என்று இன்னொரு பட்டியலிலும் ஏறியிருக்கும். இரண்டும் பொய்.

அப்படியானால் இத்தனை வருஷம் எங்கே இருந்தது? 2014 முதல் 2016 வரை அந்தக் கரையில் கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடாக இருந்தது. அப்போது தெற்கிலிருந்து நீரோட்டத்தில் இதன் லார்வாக்கள் மிதந்து வந்திருக்கலாம் என்பது காடர்டின் ஊகம்.

இன்னொரு சின்ன விஷயம். லத்தீன் இலக்கணப்படி ஆண் பெயருக்குத்தான் "இ" விகுதி. எட்னா குக்குக்கு "குக்கே" என்று வந்திருக்க வேண்டும். பெயரை மட்டும் பார்ப்பவர் குக் ஒரு ஆண் என்றே நினைப்பார். 1937இல் அச்சேறியது இன்னும் அப்படியே இருக்கிறது.