அரிசி–இறப்பர் ஒப்பந்தமும் உதவியின் நிபந்தனைகளும்

1952ஆம் ஆண்டின் அரிசி–இறப்பர் ஒப்பந்தத்தை அணிசேராக் கொள்கையின் முதற் கனியெனக் கருதுவோர் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. சீனாவுடன் அவ்வொப்பந்தத்தைச் செய்தது கம்யூனிச எதிர்ப்பை வெளிப்படையாகவே பேசிவந்த டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமாகும். 1950 சனவரியில் மக்கள் சீனத்தை இலங்கை அங்கீகரித்திருந்தபோதிலும், இராஜதந்திர உறவு 1957 பெப்ரவரியிலேயே ஏற்பட்டது. வணிகம் முன்னே செல்ல, இராஜதந்திரம் நான்காண்டுக்கு மேல் பிந்தி வந்தது.

அரசாங்கத்தை இவ்வழியிற் செலுத்தியது குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற பெருந்தோட்டப் பொருளாதாரமே. இறப்பரை விற்று அரிசி வாங்கும் நாட்டுக்கு, கொரிய யுத்தகால விலையேற்றம் தணிந்ததும் இறப்பர் விலை வீழ்ந்தது. அரிசி விலையோ ஏறியது. இலங்கை முதலில் நாடியது வாஷிங்டனையே. அங்கு ஏற்கத்தக்க விலையில் அரிசியும் கிடைக்கவில்லை. இறப்பருக்கு நியாயவிலையும் கிடைக்கவில்லை. அதன் பின்னரே வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் சென்றார். 1952 டிசம்பர் 18இற் கைச்சாத்தான ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் சீனா 2,70,000 தொன் அரிசியையும், இலங்கை 50,000 தொன் இறப்பரையும் வழங்குவதென முடிவாயிற்று.

சிங்கப்பூர்ச் சந்தை விலையிலும் கூடிய விலையைச் சீனா கொடுத்தமை வெறும் நட்பினால் அன்று. போர்த்தேவைப் பொருட்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாதென 1951 மேயில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்திருந்தது. மலாயாவின் இறப்பரும் சீனாவுக்குச் செல்லவில்லை. இலங்கையோ அச்சபையின் உறுப்பு நாடன்று. சோவியத் யூனியனின் தடைவாக்கினால் அதன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. 1955 வரை அது வெளியிலேயே நின்றது. வல்லரசுப் போட்டியில் விளைந்த இப்புறக்கணிப்பே சிறிய நாடொன்றுக்குப் பேரம்பேசும் வலுவைத் தந்தது என்பது சுவையான முரண். 1956இல் மலாயாவின் தடை நீங்கியது. 1957இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது பழைய மேலதிக விலையும் மறைந்தது.

ஆயின், அரிசி துறைமுகத்தை அடைந்ததனால் மட்டும் மக்களின் சுமை குறைந்துவிடவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஓராண்டு நிறையுமுன்னரே, 1953 யூலையில், பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் நாட்டை உலுக்கிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிரதமர் பதவி துறந்தார். வெளிநாட்டு வணிகத்தின் நலன் எவ்வர்க்கத்தினரைச் சென்றடைகின்றது என்பதை உள்நாட்டு ஆட்சியே தீர்மானிக்கின்றது. மேலும், இறப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டிய இந்திய வம்சாவளித் தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்து நின்றனர். ஒப்பந்தத்தைப் போற்றும் கட்டுரைகளில் இவர்களைக் காண்பது அரிது.

சீனாவுக்கு இறப்பர் விற்றமைக்காக, அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி 1956 வரை இலங்கைக்கு உதவி மறுக்கப்பட்டது. 1962இல் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களிற் சிலவற்றை அரசு சுவீகரித்தபோது இதே ஆயுதம் மீண்டும் எடுக்கப்பட்டது. நட்டஈடு வழங்காத நாடுகளுக்கு உதவியை நிறுத்தும் ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்ட நாடு இலங்கையே. 1963 பெப்ரவரியில் உதவி நிறுத்தப்பட்டது. 1965இல் ஆட்சி மாறி, நட்டஈட்டு உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அது திரும்பி வந்தது. அரிசியும் இறப்பரும் இக்காலம் முழுவதும் மாறிக்கொண்டேயிருந்தன.