கம்பித் துருவும் தடுப்பு மருந்தும்

வீட்டுக் கூரை பெயர்ந்து விழுந்தால் பழி முதலில் கம்பி விற்ற நம் தலையில்தான். வேலப்பன்சாவடியில் ஒரு வாடிக்கையாளர் பெயர்ந்த துண்டையே என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். விசாரித்தால், கலவைக்கு ஊற்றியது உப்புத் தண்ணீர்!

சிமெண்டின் காரம் கம்பி மேல் காப்புப் படலம் உண்டாக்கும். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துவிடும். கலவைத் தண்ணீரில் கால்சியம் நைட்ரைட் சேர்த்தால் படலம் நிலைக்கும். அளவு குறைந்தால் பலிக்காது. கலவை சீக்கிரம் இறுகும் என்பதையும் மேஸ்திரியிடம் சொல்லி விற்கவும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மருந்து கலந்த சிமெண்டுப் பாலைக் கம்பியில் பூசும் முறையையும் வகுத்தது.

எதற்கும் முன்பு தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் இந்தியத் தர விதி 456 அனுமதிக்கிறது.