பவளத் தொட்டியின் அடியில் ஒரு சம்பு

சம்பு என்றதும் வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் கட்டப்பட்ட நீர்த்தொட்டிதான் நம் நினைவுக்கு வரும். கடற்பவளங்களை வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கும் அதே பெயரில் ஒரு துணைத்தொட்டி உண்டு. மேலே வழியும் நீர் குழாய் வழியே அதில் இறங்கும். அங்கே ஸ்கிம்மர் என்னும் கருவி கழிவை நுரையாக்கிப் பிரிக்கும். பம்பு நீரை மீண்டும் மேலேற்றும்.

வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ வாழும் வாசகர் எவரேனும் இத்தகைய தொட்டி வைக்க எண்ணினால், மீனையும் பவளத்தையும் தேடுமுன் சம்பின் அளவைக் கணக்கிடுவது நலம். (தாயகத்தில் உள்ளோர் கவனிக்க: இந்தியாவில் பவளம் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. கீழக்கரைக் கரையில் ஒதுங்கிய துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரலாகாது.)

120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 432 லிட்டர். நள்ளிரவில் மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும்; ஆனால் நீர் நிற்காது. மேலேற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே இருப்பின், அதே குழாய் சைஃபனாக மாறி அந்த 6 செ.மீ. நீரையும் கீழே இழுத்துவிடும். அது மட்டுமே 43 லிட்டர். குழாய்களிலும் வழிவாய்ப் பெட்டியிலும் உள்ளதற்கு ஏறத்தாழ 5 லிட்டர் சேர்த்தால் 48 லிட்டர். 90 செ.மீ. நீளமும் 45 அகலமும் உள்ள சம்பில் இது 12 செ.மீ. உயரும். அதன் உயரம் 45 செ.மீ.; வழக்கமான நீர்மட்டம் 24. ஆகவே 36 வரை ஏறி நின்றுவிடும், தரைக்கம்பளம் தப்பும். இடமிருக்கிறதே என்று சம்பை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பி வைப்பவர் வீட்டில் அது தப்பாது.

குழாய் வாயை மட்டத்தருகே உயர்த்தினாலோ, மட்டத்தை ஒட்டிக் குழாயில் சிறு துளையிட்டாலோ காற்றுப் புகுந்து சைஃபன் விரைவில் அறும். ஒருவழி வால்வை மட்டும் நம்புதல் தகாது. சுண்ணாம்புப் படிவும் நத்தையும் அடைத்து, வேண்டிய நேரத்தில் அது மூடாமற் போவதுண்டு.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இறங்கு குழாய் அடைபட்டால், பம்பு தன் அறையிலுள்ள நீரையெல்லாம் மேலே கொட்டும். அதனால் அந்த அறையைத் தடுப்புக் கண்ணாடியால் பிரித்துச் சிறிதாக வைக்க வேண்டும். 20 செ.மீ. நீளமும் 45 அகலமும் உள்ள அறையில் 22 செ.மீ. நீர் நின்றால் அது 20 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மேல்தொட்டியின் விளிம்பில் 3 செ.மீ. இடம் விட்டிருந்தால் அதில் 21 லிட்டர் அடங்கும். அவசரத்திற்கென இரண்டாவது இறங்கு குழாயும் வைப்பது அறிவுடைமை.

அறையைச் சிறிதாக்கினால் வேறொரு தொல்லை வரும். ஆவியாகும் நீரின் குறைவு முழுவதும் அவ்வறையிலேயே தெரியும். நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியானால் அங்கு மட்டம் 4 செ.மீ.க்கு மேல் இறங்கும். சில நாளில் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும். உப்பு ஆவியாவதில்லை, ஆகவே குறைந்ததை உப்பில்லாத தூயநீரால் தினமும் நிரப்ப வேண்டும். மிதவையால் தானே நிரப்பும் கருவியும் கிடைக்கிறது. அதன் வாளி பெரிதாயின், மிதவை பழுதாகும் நாளில் அத்தனை நீரும் சம்பில் இறங்கும் என்பதை மறக்கலாகாது.

ஓட்டத்தின் வேகத்தில் பலர் மயங்குகின்றனர். கல்லும் மணலும் போக மீதி 350 லிட்டர் எனக் கொண்டால், சம்பின் வழியே மணிக்கு 5 சுற்று, அதாவது 1,750 லிட்டர் போதும். பவளங்கள் வேண்டும் அலையோட்டம் இதைவிடப் பன்மடங்கு. மென்பவளத்துக்குச் சுமார் 10 சுற்று. கிளைவிடும் கல்பவளத்துக்கு 20 சுற்றும் அதற்கு மேலும். அதை மேல்தொட்டிக்குள்ளேயே சிறு சுழல்பம்புகளால் தருவதே சிக்கனம். பெட்டிமேல் அச்சிட்ட எண்ணும் உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. ஒன்றரை மீட்டர் ஏற்றும்போது வெகுவாகக் குறையும். உற்பத்தியாளர் தரும் வரைபடத்தில் நம் உயரத்துக்கான எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

மின்தடையின்போது உயிர்களை முதலில் வாட்டுவது பிராணவாயுக் குறைவே. பேட்டரி இருப்பின் அதைப் பெரிய பம்புக்குக் கொடாமல், மேல்தொட்டியின் ஒரு சுழல்பம்புக்குக் கொடுங்கள். பல மணி நேரம் தாங்கும்.

உப்பைக் கலக்குமுன் வெறும் நீரால் நிரப்பி, பம்பை ஓடவிட்டுச் சுவிட்சை அணையுங்கள். நீர் ஏறி நின்ற பின், சம்பின் விளிம்புக்கு இன்னும் எத்தனை செ.மீ. இடமிருக்கிறது என்று அளந்து பாருங்கள். பம்பு ஓடும்போது நீர் நிற்கும் மட்டத்தில் ஒட்டுநாடாவால் கோடிட்டு, எவரும் அதற்கு மேல் நிரப்ப வேண்டாமென வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.