ஆழ்கடற் படிவுகளில் வடக்கும் தெற்கும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் எல்லை அளக்கும் நில அளவையாளரும், பள்ளியில் சாரணர் பயிற்சி பெறும் மாணவரும் திசைகாட்டியை நம்பி வடக்கை அறிகின்றனர். இம்மாநிலத்தில் அந்நம்பிக்கை பெரும்பாலும் பிழைபடுவதில்லை. ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்குள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இதே நிலத்தில் ஒரு திசைகாட்டி இருந்திருக்குமாயின், அதன் வடமுனை தெற்கைக் காட்டியிருக்கும். எவரும் எழுதி வைக்காத இச்செய்தியை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் இரு கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து வலமாகவோ இடமாகவோ விலகும் கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். நடுவில் தொங்கவிடப்பட்ட ஊசி கிடைமட்டத்திலிருந்து மேலாகவோ கீழாகவோ சாயும் கோணம் காந்தச் சரிவு எனப்படும். காந்தத் துருவங்களில் ஊசி செங்குத்தாக நிற்கும். சரிவு சுழியாகும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்கிறோம். அது திருநெல்வேலிப் பகுதிக்கு அருகிலும் வங்கக் கடலின் தென்பகுதியிலும் செல்கிறது. ஆகவே சென்னையில் ஊசியின் வடமுனை சற்றுத் தாழ்கிறது. காந்த நடுக்கோட்டுக்குத் தெற்கே அமைந்த சிரம்பானில் அது சற்று எழுகிறது.

நம் வட்டாரத்தில் கருவிகளைக் கொண்டு காந்தப்புலத்தை முறையாக அளக்கும் பணி 1841ஆம் ஆண்டில் தொடங்கியது. சிங்கப்பூரில் கேப்டன் எலியட் ஒரு காந்த ஆய்வகத்தை நடத்தினார். பம்பாயின் கொலாபாவிலும் அவ்வாண்டிலேயே பதிவுகள் தொடங்கின. இரு நூறு ஆண்டுகள்கூட நிரம்பாத இப்பதிவுகள் புவியின் நெடிய வரலாற்றை அறியப் போதா. அதற்கு மண்ணையே நாட வேண்டும்.

பால்மரத் தோட்டங்களின் செம்மண்ணுக்கு நிறம் தருவன இரும்பு ஆக்சைடுகள். இரும்பின் மற்றோர் ஆக்சைடாகிய மேக்னடைட்டு வலிமை மிக்க காந்தத்தன்மை உடையது. அதன் நுண்துகள்கள் அமைதியான கடலடியில் படியும்போது, சிறு திசைகாட்டிகளைப் போல அக்காலப் புலத்தின் திசை நோக்கித் திரும்புகின்றன. மேலே புதிய சேறு படிந்து இறுகும்போது அத்திசை உள்ளே பூட்டப்படுகிறது. ஆழ்கடலில் 1,000 ஆண்டுகளுக்கு 1 செ.மீ. என்ற அளவில் சேறு படிவதாகக் கொண்டால், 7,73,000 ஆண்டுகளுக்கு முந்தைய படிவு ஏறத்தாழ 7.7 மீட்டர் ஆழத்தில் இருக்கும். அது புவிக் காந்தப்புலம் கடைசியாக முழுமையாகத் தலைகீழான காலம்.

லிங்கி ஆறு நம் மண்ணை மலாக்கா நீரிணையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கேயே இவ்வரலாற்றைத் தேடலாகாதா என்று மாணவர் வினவலாம். நீரிணை ஆழமற்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது, அதன் பெரும்பகுதி வறண்ட நிலமாக இருந்தது. அங்குப் படிவு இடையறாது சேரவில்லை. தொடர்ச்சியான பதிவு வேண்டுமாயின் மேற்கே, அந்தமானையும் கடந்து, வங்கக் கடலின் ஆழத்துக்குச் செல்ல வேண்டும்.

பாறைகளில் தலைகீழ்க் காந்தத்தைப் பிரான்சில் பெர்னார் புருன் 1906இலும், சப்பானில் மொதோநோரி மத்துயாமா 1929இலும் அறிவித்தனர். 1966இல் நீல் ஒப்டைக்கும் அவர்தம் குழுவினரும் அண்டார்க்டிக் கடற்படிவுகளில் இப்புரட்டுகளை வரிசையாக எடுத்துக்காட்டினர். தென்துருவத்துக்கு அருகில் சரிவு செங்குத்தை ஒட்டியது. துகள்களின் காந்தம் மேல்நோக்கியதாயின் இயல்புப் புலம், கீழ்நோக்கியதாயின் தலைகீழ்ப் புலம் என எளிதில் பிரிக்கலாம்.

நம் அகலக்கோடுகளில் அவ்வெளிமை இல்லை. 2015ஆம் ஆண்டு 'சாயிட்ஸ் ரெசல்யூஷன்' என்னும் துளையிடும் கப்பல் வங்கக் கடலில் 8 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி ஏழு இடங்களில் கடலடியைத் துளைத்தது. காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் அமைந்த இடங்கள் அவை. அங்குப் புலம் இயல்பாயினும் தலைகீழாயினும் சரிவு சுழியை ஒட்டியே நிற்கும். ஆகவே ஒதுக்கத்தையே நம்ப வேண்டும்: வடக்கு நோக்கியதா, தெற்கு நோக்கியதா? ஆனால் குழாயில் மேலே வரும் படிவு உருளை கடலடியில் எப்பக்கம் பார்த்திருந்தது என்பது தெரியாவிட்டால் இவ்வினாவுக்கு விடையில்லை. எனவே குழாயோடு திசையறி கருவியையும் இறக்குகின்றனர். எஃகுக் குழாய் ஏற்றிய பிற்காலக் காந்தத்தை ஆய்வகத்தில் படிப்படியாக நீக்குகின்றனர். கங்கையும் பிரம்மபுத்திராவும் வாரி வந்து விரைந்து கொட்டிய மணலடுக்குகள் திசையை நன்கு காப்பதில்லை. இடையே மெல்லப் படிந்த களிமண் அடுக்குகளே நம்பத் தக்கன.

இவ்வளவு பாடுபடுவதன் பயன் யாது? 1830களிலிருந்து புவிக் காந்தப்புலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலிமை இழந்துள்ளது. துருவங்கள் இடம் மாறி உலகம் அழியும் என்னும் அச்சுறுத்தல்கள் இதைச் சுட்டியே பரவுகின்றன, வகுப்பறைக்கும் வருகின்றன. படிவுகள் தரும் விடை வேறு. புரட்டு ஒரு நாளில் நிகழ்வதன்று. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகலாம். புலம் நலிந்தபோதெல்லாம் நிலையான புரட்டு ஏற்பட்டதுமில்லை. ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு முன் அது மிகவும் நலிந்து, சிறிது காலம் திசைமாறி, மீண்டும் பழைய நிலைக்கே வந்தது. கடைசி முழுப் புரட்டின்போது அண்டையிலுள்ள சாவாத் தீவில் ஹோமோ எரெக்டசு என்னும் முன்மாந்தர் வாழ்ந்தனர். அவர்கள் அதனால் அழிந்துவிடவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு செயல்முறையைப் பரிந்துரைக்கிறோம். காந்தமேற்றாத தையல் ஊசியை அதன் நடுவில் நூல் கட்டிக் கிடைமட்டமாகத் தொங்கவிடுக. பின்னர் கட்டை அவிழ்க்காமலே காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்த்து மீண்டும் தொங்கவிடுக. வடதிசை நாடுகளில் வரையப்பட்ட பாடநூற் படங்களில் வடமுனை தாழ்ந்திருக்கும். நம் மாநிலத்தில் அது 10 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக எழும். படமும் ஊசியும் ஏன் வேறுபடுகின்றன என்று மாணவர் வினவும்போது, ஒதுக்கம், சரிவு ஆகிய இரு சொற்களையும் அவர்களுக்கு விளக்கலாம்.